நான் கூப்பிடாத பெயர்

இதில் என் கணவரின் பெயர் எங்கும் வராது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வழக்கத்தை எனக்கு வசதியாக எப்படி வளைத்துக்கொண்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கக்கேடான விஷயம். இத்தனை வருடத்தில் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

கல்யாணமான நாலாவது மாதம் அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய காடு; எங்கள் பக்கம் விளைநிலத்துக்கு அதுதான் பெயர். கிணறு மூன்று வருடம் தொடர்ந்து வற்றிப்போய், அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றி, "நீயே பாத்துக்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய மனிதர். இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்றார். ஏழு வருடம் ஆயிற்று. நான் என் அப்பா வீட்டில் இருந்தேன்.

மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும். எழுத்தென்றால் எழுத்து, முத்து முத்தாக இருக்கும். "இங்கே தினமும் மழை. மழை பெய்யும்போதெல்லாம் நம் பக்கத்து வறண்ட காடுதான் கண்ணுக்குள் நிற்கிறது" என்று ஒரு கடிதத்தில் இருந்தது. இன்னொன்றில், "எட்டாவது வரை படித்தவள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், டீச்சர் படிப்புக்குப் போ. யாராவது ஏதாவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல்" என்று இருந்தது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புருஷன் ஊரில் இல்லாதபோது பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்புவதா என்று வாய் கிழியப் பேசினார்கள். அப்பா அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். அப்படித்தான் நான் கோயம்புத்தூரில் இரண்டு வருடம் தங்கிப் பயிற்சி முடித்தேன்.

கடிதங்களை எனக்குள் வைத்துக்கொண்டேனா? அதுதான் இல்லை. ஹாஸ்டலில் கூடப் படித்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்ததும், அந்த ஊர்ப் பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். "என்ற ஊட்டுக்காரருக்கு அங்க கடையில கணக்கெழுதற வேலைங்க" என்று நானே ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தேன். அவர் அப்படி ஒரு நாளும் எழுதவில்லை. எழுத்து இவ்வளவு அழகாக இருந்தால் கணக்குப்பிள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "டீச்சரம்மா ஊட்டுக்காரரு நெம்பப் படிச்சவராமா" என்று ஊரே பேசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் வந்தார். ஈரோடு ஜங்ஷனில் நானும் அப்பாவும் போய் நின்றோம். போனபோது ஒல்லியாக இருந்தவர் தோள் அகன்று, கறுத்து, முன்தலை வழுக்கையாகி இறங்கினார். இரும்புப் பெட்டியை யாரையும் தொடவிடாமல் தானே தோளில் தூக்கி வைத்தார். கணக்கெழுதுகிறவர் கை அப்படிக் காய்த்திருக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் வேலை உத்தரவை எடுத்து ஆசையாக நீட்டினேன்.

"நீயே படி கண்ணு. உங் கொரல்ல கேக்கோணும்" என்றார்.

அதற்கு நான் வெட்கப்பட்டு, முகம் சிவந்து, பஸ் குலுங்கக் குலுங்க முழுவதையும் படித்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெட்டியில் இருந்த துணிகளை வெயிலில் போட எடுத்தேன். அடியில் அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. போட்டோவைப் பார்க்கலாமென்று திறந்தால், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்தவர், என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"கடுதாசியெல்லாம்?" என்று கேட்டேன்.

"கடையில ஒருத்தரு எழுதிக் குடுத்தாருங் கண்ணு. நாஞ் சொல்லுவேன், அவரு எழுதுவாரு. நான் அங்க மூட்டை தூக்கறவன்." தலையைத் துவட்டிக்கொண்டே, "உன்னையப் படிக்கச் சொன்னது நாந்தான். அது அவரு எழுதுனதில்ல" என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணம் பேசும்போது காடு எத்தனை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, எத்தனை உருப்படி மாடு என்று கேட்பார்கள். மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கூட வாழ்ந்த நாலு மாதத்தில் நானும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால்கூட மன்னிக்கலாம். வந்தது கோபம் அல்ல, பயம். ஊரில் தெரிந்துபோனால் என்ன ஆவது? வருடக்கணக்காகக் கூட்டம் கூட்டிப் படித்துக் காட்டினவளின் மூக்கு அறுபடுமே! அன்றைக்கு என் நெஞ்சில் இருந்தது அவ்வளவுதான்.

மற்றபடி நாட்கள் நல்லபடியாகவே போயின. அவருக்குக் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கொப்பரை காயப்போடும் களத்தில் வேலை கிடைத்தது. விடிந்ததும் சைக்கிளில் போய்ப் பொழுதோடு வருவார். சட்டையெல்லாம் தேங்காய் வாசம் அடிக்கும். அவருக்கு எத்தனை கரண்டி சோறு வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். அவரோ சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். "வைங்க, ஊர்ல பாத்தா என்னையத்தான் பேசுவாங்க" என்று நான் பிடுங்குவேன். "அங்க ஏழு வருசம் யாருங் கண்ணு கழுவுனாங்க?" என்று சிரிப்பார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். அந்தக் குணத்தைத்தான் நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒருநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், பட்டாளத்திலிருக்கும் மகன் எழுதிய கடிதத்தோடு வந்து, "மலாயாக்காரரே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று அவரிடம் நீட்டினார். அடுப்படியில் இருந்த நான் கரண்டியும் கையுமாகப் பாய்ந்தேன்.

"அவருக்குக் கப்பல் காத்துல கண்ணு கெட்டுப்போச்சுங்க. இப்பிடிக் குடுங்க, நாம் படிக்கறனுங்க."

பொய் சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த விடுமுறையில் அவரைக் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போய், டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் ஒரு வெறும் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன்.

"இது எதுக்கு? எனக்கு எறும்பு போறது கூடத் தெரியுதே" என்றார்.

"போடுங்கன்னாப் போடுங்க. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!"

போட்டுக்கொண்டார். வீட்டில் நாங்கள் மட்டும் இருக்கும்போது கண்ணாடி ஆணியில் தொங்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொள்வார். முதலில் அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளியில் முதியோர் வகுப்பு தொடங்கச் சொல்லி வட்டார அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். அவர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர்.

"நீங்களே நடத்துங்க அம்மணி. ஊட்டுக்காரருதான் வந்துட்டாருங்களே, தொணைக்கு ஆளிருக்குது" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

என் கணவர் வந்ததால் எனக்குக் கிடைத்த வேலை அது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார், நான் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு பின்னால் போவேன். வகுப்பில் இருபது பேர். வண்டி ஓட்டுகிறவர், மாடு மேய்க்கிறவர், மில்லில் செக்கு பார்க்கிறவர், எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது வண்டிக்காரர் எழுந்து, "இங்கதானுங்களே இருக்கறேன், தெரியலீங்களா?" என்றார். ஒரே சிரிப்பு. "உள்ளேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். வெறுமனே அப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆளாளுக்கு "உள்ளேனுங்க டீச்சர்" என்றுதான் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அவர் உள்ளே வரமாட்டார். வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். துணைக்கு வந்தவர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு வாரம் போயிற்று. வீட்டில் இரண்டு பேருமாக நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, முறத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "எம் பேரையும் அந்த நோட்டுல எழுதிக்கிறயா?"

கப்பல் காற்றில் கண் கெட்டவர், கணக்கெழுதியவர், இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து அ, ஆ எழுதினால்? நல்லவேளையாக ஒரு வழக்கம் இருந்தது, கையில் எடுத்துக்கொண்டேன்.

"உங்க பேர நான் எப்பிடீங்க கூப்புடறது? ஊரு சிரிக்காதா?"

அவர் யோசித்தார். "அதுவுஞ் செரிதான். அப்ப எழுத மட்டும் எழுதிக்க. கூப்புட வேண்டாம்."

"பாக்கலாமுங்க" என்றேன். பார்க்கவில்லை. பெயரை எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அவரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஆனால் காங்கேயம் சந்தையில் மரச் சட்டம் போட்ட சிலேட்டு ஒன்றும் பலப்பமும் வாங்கி, துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவர ஆரம்பித்தார்.

வாசல்படியில் சரிந்து உட்கார்ந்தால் கதவு வழியாகக் கரும்பலகை தெரியும். நான் ஓர் எழுத்தைச் சொல்வேன், இருபது பேரும் திருப்பிச் சொல்வார்கள், எல்லாரும் முடித்தபிறகு வாசலிலிருந்து மெல்லிய குரலில் இன்னொரு முறை கேட்கும். நான் காது கேளாதவள் போல அடுத்த எழுத்துக்குப் போய்விடுவேன். ஒவ்வொருவர் சிலேட்டாகத் திருத்திக்கொண்டே வந்து, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரரோடு நின்றுகொள்வேன். அதற்கு மேல் இரண்டடிதான். அந்த இரண்டடியை நான் நடந்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிடும்போது கடைசிப் பெயருக்குப் பதில் வந்ததும், நான் பதிவேட்டை மூடுகிற அந்த நேரத்தில், அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். தினமும் பார்ப்பார். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூடினேன்.

ஐந்தாறு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் வகுப்பு நடக்கும்போது வட்டார அலுவலகத்து அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் படியேறவும் இவர் பதறி எழுந்திருக்கவும், துண்டு நழுவிச் சிலேட்டு கீழே விழுந்தது. அதிகாரி குனிந்து எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதில் மேலிருந்து கீழ்வரை என் கணவரின் பெயர், ஒரே பெயர், நாலைந்து முறை எழுதியிருந்தது. எழுத்துக் கோணலாக இருந்தாலும் முழுப் பெயரும் இருந்தது. நான் சொல்லிக் கொடுக்காத பெயர்.

"பரவால்லையே! நல்லா எழுதியிருக்காங்களே. யாருது இது?" என்று கேட்டுக்கொண்டே என் மேஜைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினார். "இந்தப் பேரு இதுல இல்லையே, டீச்சர். விட்டுப்போச்சா?"

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு அதற்குள் எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தது, நான் சொல்லிக் கொடுத்ததுதான். மெல்லப் படித்துவிட்டு, "இது நம்ம மலாயாக்காரரு பேராச்சுங்களே!" என்றார்.

இருபது தலையும் வாசலைப் பார்த்துத் திரும்பின.

ஒரு வார்த்தை போதும். "என்ற ஊட்டுக்காரரு சிலேட்டுங்க, விட்டுப்போச்சுங்க, சேத்துக்கறனுங்க" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. அதிகாரி பாராட்டினார், திட்டவில்லை. அந்த இருபது பேரும் அவரைப் போலத்தானே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்? ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பசங்க வெளையாட்டா எழுதிப்போட்டுப் போயிருக்கறாங்க சார். அவருக்கு எழுதப் படிக்க நல்லாத் தெரியுமுங்க. மலாயாவுல கணக்கெழுதுனவருங்க."

அதிகாரி அவரைப் பார்த்து, "அப்படிங்களா?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமாங்க. பசங்க வேலைங்க" என்றார். கையை நீட்டி அதிகாரியிடமிருந்து சிலேட்டை வாங்கி, துண்டு முனையை எச்சிலில் தொட்டு, பெயரை ஒன்றுவிடாமல் துடைத்தார். அவசரப்படவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரைத் தானே அழித்தார். நான் பதிவேட்டில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பாவி மகள் நான், அப்போதுகூட எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வந்தது, விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த அந்த முதுகைப் பார்த்தபோது. அவர் கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. "பாத்து வா கண்ணு, அங்க கல்லு கெடக்குது" என்றார்.

மறுநாள் விளக்கோடு வந்தார். துண்டு தோளில் கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"சிலேட்டு எங்கீங்க?"

"ஒடஞ்சுபோச்சு கண்ணு."

உடையவில்லை. இரண்டு நாள் கழித்து மோர்ப்பானைமேல் மூடியாகக் கிடந்தது. அளவு சரியாக இருந்தது. ஒவ்வொரு வேளையும் மோர் ஊற்ற அதைத்தான் நான் எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் பொறுத்தேன். ஒருநாள் மத்தியானம், வாசல் கதவைச் சாத்திவிட்டு, சிலேட்டைக் கழுவித் துடைத்துப் பலப்பத்தோடு அவர் முன்னால் வைத்தேன். வாய் திறந்து மன்னிப்புக் கேட்க வரவில்லை, அதற்குப் பதில் இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திய சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும் அல்லவா? சிலேட்டை என் பக்கம் தள்ளினார்.

"மோருல ஈ உளுந்துரும், மூடி வெய்யி" என்றார்.

மூடி வைத்தேன். அந்த வகுப்பு இரண்டு வருடம் நடந்தது. அவர் ஒருநாள் தவறாமல் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல்படியில் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாசலிலிருந்து அந்தக் குரல் பிறகு கேட்கவில்லை. அவர் பலப்பத்தைத் தொடவும் இல்லை, எழுதிப் பழகிய பெயரும் கை விட்டுப்போயிற்று. வண்டிக்காரர் கையெழுத்துப் போடப் பழகி, என் காலில் விழ வந்தார். நான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஏழெட்டு வருடம் கழித்து, அவருடைய அண்ணன் மனம் மாறி, காட்டைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார். தாராபுரம் பத்திர ஆபீசுக்குப் போனோம். அண்ணன் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்தது இவர். குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே, "கையெழுத்துங்களா, கைநாட்டுங்களா?" என்று கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. ஏழெட்டு வருடம் ஆகியும் என் பொய்க்கு எது வசதி என்று என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார். கை சட்டைப் பைக்கு, அந்தக் கண்ணாடிக்குப் போய்விட்டது.

"கைநாட்டுங்க" என்று நான் சொன்னேன். அண்ணனும் இருந்தார், சாட்சிக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னேன். "அவருக்கு எழுதத் தெரியாதுங்க. நாஞ் சொல்லிக் குடுக்கலீங்க."

குமாஸ்தா இப்போது நிமிர்ந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் உருட்டினார். பிறகு பேனாவை எடுத்து, "ரேகைக்குப் பக்கத்துல எழுதோணும். பேரு சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கம் அந்த மாதிரி நேரத்தில் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பக்கத்தில் இருக்கிற ஆண் சொல்லுவார். அண்ணன் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் சொன்னேன். முழுப் பெயரையும், வகுப்பில் கூப்பிடுகிற குரலில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். அண்ணன் திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

அவர் மை அப்பிய விரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக நிமிர்ந்தார்.

"உள்ளேனுங்க டீச்சர்" என்றார்.

குமாஸ்தா சிரித்தார். சாட்சிக்காரர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சேலைத் தலைப்பை எடுத்து அந்த விரலைத் துடைக்க ஆரம்பித்தேன்.